வீட்டுக் குளிர்சாதனமும் ஜெனரேட்டரும்



2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வடக்கு மின்தொகுப்பும், மறுநாள் அதனுடன் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் செயலிழந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய பெருந்தடைகள் அரியவை. ஆயினும் கோடையில் மின்மாற்றி பழுதாவதாலும் சுமை மிகுவதாலும் சில மணி நேரத் தடைகள் பல ஊர்களில் நேர்கின்றன. வசதி படைத்தோர் இதற்குக் கண்ட விடை, குளிர்சாதனத்தையும் ஜெனரேட்டரில் இயக்குவதாகும். இவ்விடையின் தன்மையை ஆராய்வோம்.

ஒன்றரை டன் குளிர்சாதனம் இயங்குகையில் சுமார் 1.5 கிலோவாட் மின்சாரம் கொள்கிறது. 75 வாட் மின்விசிறிகள் இருபதுக்கு இது போதும். எனவே 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதுமெனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் பழைய வகைக் கருவியின் கம்ப்ரஸர், புறப்படும் கணத்தில் இயங்கு மின்னோட்டத்தைப் போல் நான்கு முதல் ஆறு மடங்கு இழுக்கும். சிறிய ஜெனரேட்டரில் அக்கணமே மின்னழுத்தம் சரிகிறது. கம்ப்ரஸர் சுழலாது சூடேறுகிறது. ஆகவே இதற்கு 5 கே.வி.ஏ. அளவு பரிந்துரைக்கப்படுவது வழக்கம். இன்வெர்ட்டர் வகைக் கருவி மெதுவாக வேகமெடுப்பதால் சிறிய ஜெனரேட்டரே போதுமானது. எவ்வகையாயினும், மின்சாரம் நின்று வந்தபின் மூன்று நிமிடங்கள் பொறுத்தே கருவியை இயக்க வேண்டும். குழாய்களில் அழுத்தம் சமநிலை அடைய அவ்வளவு நேரம் தேவை.

இனி, உயிர் தொடர்பானவை இரண்டு. முதலாவது, ஜெனரேட்டரை வீட்டு மின்கம்பியில் நேராக இணைப்பது. மாற்றுச் சுவிட்சு இல்லையெனில் மின்சாரம் தெருக்கம்பிக்குப் பின்னோக்கிப் பாயும்; மின்மாற்றி வழியே சென்று உயரழுத்தமாகவும் மாறும். மின்தடை என நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிர் அங்கே ஊசலாடுகிறது. இரண்டாவது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு உறங்குவோரை உணர்வின்றியே கொல்லும். அறைக்குள்ளோ, சன்னலருகிலோ, மூடிய தாழ்வாரத்திலோ ஜெனரேட்டரை வைத்தல் ஆகாது.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறிய டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய மூன்று யூனிட் தருகிறது. டீசல் லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டால், யூனிட் ஒன்றுக்கு எரிபொருட் செலவு மட்டும் 30 ரூபாய். ஒவ்வொரு லிட்டரும் சுமார் 2.7 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. குளிர்ச்சி ஒருவருக்கு, புகையும் இரைச்சலும் அண்டை வீட்டார்க்கு.

குளிர்ச்சியே வேண்டாமென்பது என் வாதமன்று. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் கடும் வெப்பத்தில் அது இன்றியமையாதது. ஆனால் தேவையைக் குறைப்பதே முதற்படி: வெயில் படாத கூரை, மின்விசிறி, 24 பாகை வெப்பநிலை. 2020ஆம் ஆண்டு முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையிலேயே அமைத்து விற்கப்பட வேண்டுமென அரசு விதித்தது. 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், டீசல் ஜெனரேட்டரைப் பயன்படுத்துவோர் ஐந்தாண்டுகளில் மின்கலச் சேமிப்புடன் கூடிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் போன்ற தூய முறைகளுக்கு மாற முயலுமாறு கூறுகின்றன.

வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் பெருகுவது வளத்தின் அடையாளமன்று. பொது வழங்கலில் உள்ள குறையின் அளவுகோலே. அதிகாரிகள் வழங்கலைச் செம்மைப்படுத்துவார்களாக. மாணவர்கள் தத்தம் தெருவில் மாற்றுச் சுவிட்சு இல்லாத ஜெனரேட்டர்களைக் கண்டறிந்து எச்சரிப்பார்களாக.