மழைக்கு அப்புறம் டிரெயில்ல சைக்கிள் ஓட்டலாமா?

போன நிகழ்ச்சியைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. ஒரு தம்பி எழுதினதை அப்படியே படிக்கிறேன்: "அண்ணே, சனிக்கிழமை விடியக்காலைல மழை பெய்யுது, ஒன்பது மணிக்கு வெயில் அடிக்குது. புக்கிட் தீமா போகலாமா, வேணாமா?"

வெளிநாட்டு வீடியோவுல பதில் சுலபமா கிடைக்கும். ஈரமா இருந்தா ஓட்டாதே, காயட்டும்னு சொல்லிடுவாங்க. நம்ம ஊருல அந்தப் பதில் உதவாது. சிங்கப்பூர்ல சராசரியா வருஷத்துக்கு 171 நாள் மழை பெய்யுது. கிட்டத்தட்ட ரெண்டு நாளைக்கு ஒரு நாள். காடு அடர்த்தியா இருக்கிற இடத்துல, மழை விட்டு ரெண்டு நாள் ஆனாலும் தரை முழுசாக் காயாது. காயற வரைக்கும் காத்திருந்தா சைக்கிளை வித்துட வேண்டியதுதான்.

அதனால நான் மண்ணைப் பார்த்துத்தான் முடிவு பண்றேன். டிரெயில் தொடங்குற இடத்துல இறங்கி, பத்து அடி சைக்கிளைத் தள்ளிட்டுப் போங்க. திரும்பிப் பாருங்க. டயரோட பூ அச்சு மேலாகப் பதிஞ்சிருந்தா ஓட்டலாம். சக்கரம் போன இடத்துல பள்ளமா ஒரு கோடு விழுந்திருந்தா, இல்ல மண்ணு டயர்ல அப்பிக்கிட்டு சட்டத்துல உரசுற அளவுக்கு வந்துட்டா, வீட்டுக்குப் போயிடுங்க. ஏன்னா அந்தக் கோடுதான் அடுத்த மழைக்கு வாய்க்கால்.

டிரெயிலைக் கெடுக்கிறது சைக்கிள்னு பலர் நினைக்கிறாங்க. சைக்கிள் கோடு போட்டுக் கொடுக்கும், அறுத்துட்டுப் போறது தண்ணிதான். நம்ம ஊர் மழை மெதுவாத் தூறுற மழை இல்ல. அரை மணி நேரத்துல கொட்டிட்டுப் போயிடும். அவ்வளவு தண்ணியும் ஒரே நேரத்துல சரிவுல இறங்கும்போது, அது தடத்தைக் குறுக்கே கடந்து காட்டுக்குள்ள போகணும். தடத்து வழியாவே கீழ ஓட ஆரம்பிச்சா மேல்மண்ணு போயிடும், வேர் வெளிய வரும், அப்புறம் கல்லு.

நல்லா போட்ட டிரெயில்ல இதுக்கு ஏற்பாடு இருக்கும். கவனிச்சுப் பாருங்க. தடம் பள்ளத்தாக்கு பக்கமா லேசாச் சாய்ஞ்சிருக்கும், சுமார் 5 சதவீதம். சர்வதேச மலைச்சைக்கிள் சங்கத்தோட வழிகாட்டியில ஒரு பாதிக் கணக்கும் சொல்லுவாங்க. மலைச்சரிவு 20 சதவீதம்னா, அதுல போற தடத்தோட ஏற்றம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா தண்ணிக்குத் தடமே சுலபமான வழியாயிடும். அதோட, நீளமான இறக்கத்துக்கு நடுவுல வேணும்னே ஒரு சின்ன மேடு வச்சிருப்பாங்க. ஓட்டுறவங்க அதைக் குதிக்கிறதுக்குன்னு நினைச்சுப்பாங்க. உண்மையில அது தண்ணியைத் திருப்பி வெளியேத்துறதுக்கு. அந்த மேட்டுக்கு மேல்பக்கத்துல, வெளி ஓரத்துல இலையும் சேறும் அடைஞ்சிருந்தா, மேடு இருந்தும் பயன் இல்ல.

பராமரிப்பு வேலைல பாதி இதுதாங்க. தேசியப் பூங்காக் கழகத்தோட அனுமதியில தொண்டூழியர்கள் வேலை செய்யுற நாள்ல போனீங்கன்னா, பெரிசா ஏதோ கட்டப் போறோம்னு நினைச்சு வருவீங்க. கையில ஒரு வாரியைக் கொடுத்து, தண்ணி வெளியேறுற வாயை எல்லாம் சுத்தம் பண்ணச் சொல்லுவாங்க. அடுத்தது ஓரத்துல சேர்ந்திருக்கிற மண்வரப்பை வெட்டி எடுக்கிறது. சக்கரம் நடுவுல அழுத்த அழுத்த மண்ணு ஓரத்துக்கு ஒதுங்கி வரப்பு மாதிரி நிக்கும். தண்ணி அதைத் தாண்ட முடியாம தடத்துக்குள்ளேயே ஓடும். ரெண்டு மணி நேரம் குனிஞ்சு நின்னா முதுகு கழண்டுடும். ஆனா அடுத்த மழைல அந்த இடத்தைப் போய்ப் பாருங்க, தண்ணி சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஒண்ணு மட்டும். வேரு வழுக்குதுன்னு மண்வெட்டியைத் தூக்கிட்டு நீங்களா போய் வெட்டாதீங்க. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி. அங்க செடி வெட்டுறது, புதுத் தடம் போடுறது எல்லாம் சட்டப்படி குற்றம்.

இன்னொரு பழக்கம், குட்டையைச் சுத்திக்கிட்டுப் போறது. சைக்கிள் அழுக்காகாம இருக்க ஓரமா ஏறிப் போறோம். அடுத்தவர் இன்னும் கொஞ்சம் ஓரமா. ஒரு மாசத்துல முக்கால் மீட்டர் தடம் மூணு மீட்டர் ஆயிடும், குட்டையும் கூடவே பெருசாகும். நடுவுலேயே போங்க. சேறு துணியில படும், துவைச்சா போயிடும். ஆழம் தெரியலைன்னா இறங்கித் தள்ளிட்டுப் போங்க, அப்பவும் நடுவுலதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்மகிட்ட இருக்கிற இடமே கொஞ்சம். புக்கிட் தீமாவுல ஒரு தடம். புலாவ் உபின்ல 2008ல திறந்த கெத்தாம் பூங்கா, சுமார் 45 ஹெக்டர். செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா 81 ஹெக்டர், அங்க நடக்கிறவங்களுக்குத் தனித் தடம், சைக்கிளுக்குத் தனித் தடம். பெரிசா எண்ணினா அவ்வளவுதான். இதுல புக்கிட் தீமா மலை உயரம் 164 மீட்டர்கூட இல்ல, சுத்தி வீடுகளும் விரைவுச்சாலையும். மலைச்சரிவைச் சீரமைக்க 2014 செப்டம்பர்ல அந்த வனப்பகுதில வேலை தொடங்கினாங்க, உச்சிக்கு மறுபடி வழி முழுசாத் திறக்க 2016 அக்டோபர் ஆச்சு. மூடினா நாள் கணக்கு இல்ல, வருஷக் கணக்கு. பக்கத்துக் குன்றுக்குப் போயிடலாம்னு சொல்ல இங்க பக்கத்துக் குன்று கிடையாது. காட்டுக்குள்ள குறுக்குத் தடம் போடுற நாலு பேரால மொத்தப் பேருக்கும் கதவு சாத்தப்படலாம்ங்கிறதுதான் என் பயம்.

சரி, சைக்கிளுக்கு வர்றேன். ஈரத்துக்குன்னு தனி டயர் வாங்கணுமான்னு கேட்கிறீங்க. முதல்ல காத்தைக் குறைங்க. கடையில கேட்டா 40 அடிச்சு அனுப்பிடுவாங்க. எழுபது கிலோ ஆளு, டியூப்லெஸ் டயர்னா, முன்னாடி 22, பின்னாடி 24 பிஎஸ்ஐ-ல ஆரம்பிச்சுப் பாருங்க. டியூப் போட்டிருந்தா இன்னும் அஞ்சு கூட்டிக்கங்க, இல்லைன்னா வேர்ல அடிச்சு டியூப் கடிபடும். நான் அளவு காட்டுற பம்பைத்தான் நம்புவேன், கட்டைவிரலை நம்புறதில்லை. டியூப்லெஸ்ஸுக்குள்ள ஊத்துற பால் நம்ம வெக்கைல சீக்கிரம் காய்ஞ்சுடும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சக்கரத்தைக் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க. சளசளன்னு கேட்கலைன்னா ஊத்துங்க.

ஈர வேர்ல பிரேக் பிடிக்காதீங்க, ஹேண்டிலைத் திருப்பாதீங்க. வேருக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, முடிஞ்ச அளவு நேர்குறுக்கா ஏறிக் கடந்துடுங்க. விழுந்து எழுந்தவங்க நிறைய பேர் வேருக்கு மேல பிரேக் பிடிச்சவங்கதான்.

வீட்டுக்கு வந்ததும் கார் கழுவுற பிரஷர் பைப்பால அடிக்கிற பழக்கத்தை விட்டுடுங்க. சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து, எல்லா இடத்துலயும் பேரிங் இருக்கு. தண்ணி கிரீஸைத் தள்ளிட்டு உள்ள போயிடும். சாதாரணக் குழாய், ஒரு பிரஷ், துணி போதும். துடைச்சுட்டு செயினுக்கு ஈரத்துக்கான எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விடுங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளிய இருக்கிறதைத் துடைச்சு எடுத்துடுங்க. ஸ்பிரேயை டிஸ்க் பிரேக் பக்கமே கொண்டு போகாதீங்க. ஒரு துளி பட்டாலும் பேட் கத்தும், பிடிக்காது. இன்னொண்ணு நம்ம ஊருக்கே உரியது, வேர்வை. ஹேண்டில் கழுத்துல சொட்டிச் சொட்டி அந்த போல்ட்டெல்லாம் துருப்பிடிக்கும். ஈரத்துணியால துடைக்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.

உபின் போறவங்களுக்குக் கடைசியா ஒரு வார்த்தை. சாங்கி படகுத்துறைல பன்னிரண்டு பேர் சேர்ந்தாத்தான் படகு கிளம்பும், அதனால சீக்கிரம் போங்க. அங்க வாடகைக்குக் கிடைக்கிற சைக்கிள் தார்ச்சாலைக்குப் பரவாயில்லை. கெத்தாமுக்குள்ள போறதா இருந்தா உங்க சைக்கிளையே கொண்டு போங்க. பஞ்சர் சாமான், தண்ணி, கையுறை எல்லாம் வேணும். தடத்தோரத்துல உழுது போட்ட மாதிரி மண்ணு கிளறிக் கிடந்தா எந்தத் தொண்டூழியரையும் திட்டாதீங்க, அது காட்டுப்பன்றி பார்த்த வேலை. மழை பெய்ஞ்சிருந்தா அங்கேயும் அதே பத்து அடி சோதனைதான்.

அடுத்த வாரம் பிரேக் பேட் மாத்துறதைப் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க.