கரண்ட் வந்தது, கேமரா பதிவு வந்ததா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



காவலாளி அறையில் இருக்கும் லினக்ஸ் கணினியைப் பற்றிச் சில நிமிடம் பேசுகிறேன். போன மாதம் ஓர் இரவு கரண்ட் போய் வந்தது. மறுநாள் காலையில் கீழே நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்றைக் காணோம். கேமராப் பதிவைத் தேடினால், கரண்ட் போன நிமிடத்தோடு நின்றிருந்தது. கேமராவில் விளக்கு எரிந்தது, கணினியும் ஓடியது. பதிவு செய்யும் நிரல் மட்டும் எழுந்திருக்கவில்லை.

திரையில் தெரியாமல் பின்னால் ஓடும் இப்படிப்பட்ட நிரலுக்கு 'சர்வீஸ்' என்று பெயர். யூனிக்ஸ்காரர்கள் 'டீமன்' என்பார்கள். பயப்பட வேண்டாம், பேய் இல்லை. மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் கற்பனை செய்த, ஓயாமல் வேலை பார்க்கும் குட்டிப் பூதத்தை நினைத்து, 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வைத்த பெயர் அது.

இன்றைய லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இந்தச் சர்வீஸ்களை மேய்ப்பது 'சிஸ்டம்-டி'. அதற்கு நாம் 'சிஸ்டம்-சிடிஎல்' என்ற கட்டளை மூலம் வேலை சொல்கிறோம். இதில் இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் போதும்.

பால்காரரிடம் இன்றைக்கு ஒரு பாக்கெட் கேட்டு வாங்குவது 'ஸ்டார்ட்'. தினமும் போடச் சொல்லி வைப்பது 'எனேபிள்'. நம் கணினியில் கேமரா பொருத்த வந்தவர்கள் ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு ஓடியது; கணினி அணைந்து எழுந்ததும் அதை எழுப்ப ஆளில்லை. இப்போது எனேபிள் செய்தாகிவிட்டது.

அதேபோல 'ஸ்டாப்' என்றால் இப்போது நிறுத்து. 'டிசேபிள்' என்றால் அடுத்த முறை தானாக எழாதே. டிசேபிள் மட்டும் கொடுத்தால் ஓடிக்கொண்டிருப்பது நிற்காது.

வீட்டில் பழகிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பில்தான் சிஸ்டம்-டிக்கு மாறியது. ஆகவே பழைய மடிக்கணினியில் இந்தக் கட்டளை இல்லாவிட்டால் திகைக்க வேண்டாம்.

வேண்டாத சர்வீஸை நிறுத்தினால் பழைய கணினி கொஞ்சம் வேகம் பிடிக்கும். பிரிண்டர் இல்லாத வீட்டில் அச்சுச் சர்வீஸ் எதற்கு? ஆனால் பெயர் புரியாத எதையும் தொடாதீர்கள்.

ஐப்பசி மழை தொடங்கினால் நம் கல்லிடைக்குறிச்சியில் கரண்ட் போவதும் வருவதும் புதிதல்ல. எனவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, கரண்ட் வந்ததும் 'ஸ்டேட்டஸ்' கட்டளை கொடுத்துப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். 'ஆக்டிவ்', 'எனேபிள்டு' என்ற இரண்டு சொற்களும் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

இரண்டு, கணினியின் கடிகாரத்தைச் சரிபார்க்கும் சர்வீஸும் ஓடுகிறதா என்று பாருங்கள். நேரம் தவறிய பதிவைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் குழப்பம்தான் மிஞ்சும்.

மூன்று, எந்தெந்தச் சர்வீஸ் ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அந்த அறைச் சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்.

கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள், சொல்லித் தருகிறேன்.