உரிமமும் தரச் சான்றும்: இளம் பெற்றோர் அறிய வேண்டியவை
(நமது ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் அன்னதானக் கூடத்தில் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "சார், எங்கள் புளோக்கின் கீழேயே ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. வாசலில் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா?" என்கிறார்கள். எந்தச் சான்றிதழ் என்று நான் திருப்பிக் கேட்பேன். உரிமம் வேறு, தரச் சான்று வேறு. இரண்டும் சொல்லாமல் விடுகிற செய்திகளும் உண்டு.

முதலில் உரிமம். இந்த நிலையங்கள் சிங்கப்பூரில் நேற்று முளைத்தவை அல்ல. அமைச்சு நடத்திவந்த பத்துக் குழந்தைக் காப்பகங்களைத் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1977ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. 1988ல் பராமரிப்பு நிலையங்களுக்கென ஒரு சட்டம் வந்தது. பாலர் பள்ளிகளோ கல்விச் சட்டத்தின்கீழ்த் தனியே இருந்தன. 2013ல் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு தோன்றியது. 2017ல் நிறைவேறிய புதிய சட்டம் 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்தபோது இருவகை நிலையங்களும் ஒரே சட்டத்தின்கீழ் வந்தன.

உரிமம் என்பது வாகனமோட்டி உரிமம் போன்றது. ஓட்டத் தகுதி உண்டு என்கிறது. உங்கள் பிள்ளையை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று சொல்லவில்லை. அதிகபட்சம் மூன்றாண்டுகளுக்கு அதை வழங்குகிறார்கள். குறுகிய கால உரிமத்தைக் கண்டால் உடனே பயந்துவிட வேண்டாம், புதிதாகத் தொடங்கிய நிலையமாகவும் இருக்கலாம். பல ஆண்டுகளாக நடக்கும் நிலையமாக இருந்தால் மட்டும், காரணம் என்ன என்று முதல்வரிடமே கேட்டுவிடுங்கள். கேட்பதில் குற்றமில்லை.

உரிம விதிகளில் ஒன்றைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். அது ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு. இரண்டு மாதம் முதல் 18 மாதம் வரையுள்ள கைக்குழந்தைகள் என்றால் ஐவருக்கு ஒருவர் இருக்க வேண்டும். 18 மாதம் முதல் 30 மாதம் வரை எண்மருக்கு ஒருவர். அதன்பின் நர்சரி 1ல் 12, நர்சரி 2ல் 15, பாலர் வகுப்பு 1ல் 20, பாலர் வகுப்பு 2ல் 25 என்று ஏறிக்கொண்டே போகும். 25 ஆறு வயதுப் பிள்ளைகளை ஒருவர் மேய்ப்பது எப்படி என்று வகுப்பறையில் காலம் கழித்தவர்களுக்குத் தெரியும்! காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லா ஆசிரியர்களும் இருப்பார்கள், பாட்டுக்கூட நடக்கும். மாலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். பாதிப் பேர் வீடு திரும்பிய வேளையில் எஞ்சிய பிள்ளைகளை யார் பார்க்கிறார், தொலைக்காட்சியா, மனிதரா என்பது அப்போதுதான் தெரியும். 2024 ஜூலை முதல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா கட்டாயம். நல்லதுதான். ஆனால் கேமரா குழந்தையைத் தூக்கிக் கொஞ்சாது.

அடுத்தது 'ஸ்பார்க்' என்ற தரச் சான்று. கல்வி அமைச்சு 2010 நவம்பரில் அறிவித்து, 2011ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம்மவர் இதைத் தேக்கா சந்தைக் கடைகளில் பார்த்துப் பழகிய 'ஏ', 'பி', 'சி' எழுத்துகளைப் போல நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. கடைக்குரிய எழுத்தைக் கடைக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒட்டினார்கள். ஸ்பார்க்கோ விருப்பத்தின்பேரில் விண்ணப்பிப்பது. நிலையம் முதலில் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும். பிறகு வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து தலைமைத்துவம், பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, சுகாதாரம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள வகுப்புகளுக்கே இது உரியதாக இருந்தது. ஆகவே கைக்குழந்தையைச் சேர்க்கப் போகிறவர்கள், சான்று எந்த வயதுப் பிரிவைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது என்று விசாரிப்பது நல்லது. சான்று இல்லாத நிலையம் மட்டமானது என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. அது விண்ணப்பிக்காமலே இருந்திருக்கலாம்.

கட்டணமும் தரத்தை அளக்கும் கோல் அன்று. அரசாங்க ஆதரவு பெறும் பெரிய நடத்துநர்களுக்கு 2025ல் முழுநாள் பராமரிப்புக்கு 640 வெள்ளி என்று உச்சவரம்பு இருந்தது, பொருள் சேவை வரி தனி. அதைவிடப் பல மடங்கு வாங்கும் இடங்களுக்கும் அதே உரிமச் சட்டந்தான்.

இனி என் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். உரிமம் உண்டு, ஸ்பார்க் உண்டு, மாடிப்படி இறங்கினால் வாசல். எல்லாம் சரி, தமிழ் உண்டா? இல்லை என்பார்கள். சீன மொழி ஆசிரியர் இருப்பார்; தமிழ்ப் பிள்ளையும் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும், அல்லது மூலையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும். தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் 'அம்மா' என்று எழுதத் திணறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மந்தமானவர்கள் அல்லர். நாள் முழுவதும் தமிழ் காதில் விழாத இடத்தில் நான்கு ஆண்டுகள் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

கல்வி அமைச்சு 2014 முதல் நடத்திவரும் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் உண்டு. ஆனால் அங்கே பாலர் வகுப்பு 1லிருந்துதான் சேர்க்க முடியும். அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு நாம்தான் தேட வேண்டும். பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பின் இணையத்தளத்தில் நிலையங்களைத் தேடிப் பார்க்கலாம். கட்டணம், காலியிடம், ஸ்பார்க் சான்று, கற்பிக்கும் தாய்மொழி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 'தமிழ்' என்று போட்டிருந்தாலும் தொலைபேசியில் அழைத்து, "ஆசிரியர் தினமும் வருகிறாரா, வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்த வகுப்பிலிருந்து?" என்று கேளுங்கள். கடந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்பதையும் கேளுங்கள். இதை எந்தச் சான்றிதழும் வாசலில் சொல்லாது.

தமிழ் இல்லை என்று ஒரு நிலையம் சொல்வதற்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமன்று. ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளைக்காக ஆசிரியரை அமர்த்தக் கணக்கு இடங்கொடுப்பதில்லை. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து போய்க் கேட்டால் பேச்சு வேறு விதமாக இருக்கும். ஆகவே, பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் உங்கள் பெயரையும் பேட்டையையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரே வட்டாரத்தில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைக்கிறேன். முதல்வரைப் பார்க்கப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமானால் நானும் வருகிறேன்.