பசுமை வீடும் அதன் சான்றும்

(ஐதராபாத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியமும் இசையும் மணக்கும் இம்மேடையில் செங்கல்லையும் சிமென்டையும் பற்றிப் பேச வந்திருக்கும் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். "நம் உறுப்பினர் பலர் வீடு வாங்கும் முயற்சியில் இருக்கிறார்கள். விளம்பரந்தோறும் 'பசுமை வீடு' என்ற சொல் காணப்படுகிறது. அஃது என்னவென்று எளிய தமிழில் சொல்லுங்கள்" என்று செயலாளர் பணித்தார். நெடுங்காலம் கட்டடப் பொறியாளனாக இருந்தவன் என்ற உரிமையால் இசைந்தேன். பிறந்த ஊரை விட்டு வந்து, வாழ்நாள் சேமிப்போடு இருபதாண்டுக் கடனையும் சேர்த்து ஒரு வீட்டை வாங்குகின்ற நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

என் வீட்டில் நடந்த ஒன்றையே முதலில் சொல்லுகிறேன். என் மைத்துனர் இந்நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினார். 'தங்கத் தரம் பெற்ற பசுமைக் குடியிருப்பு' என்று வாயிலில் பெரிய பலகை இருந்தது. முதற்கோடையிலேயே மேற்குப் பார்த்த படுக்கையறை மாலை நேரத்தில் அடுப்பங்கரையாகிவிட்டது. "அத்தான், பசுமை என்றார்கள், எனக்கு வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லையே!" என்றார். சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். அது முன்சான்று, வரைபடங்களைப் பார்த்து வழங்கப்பட்டது. வரைபடத்தில் மேற்குச் சன்னல் ஒவ்வொன்றுக்கும் அகன்ற சன்ஷேடும் வெப்பம் தடுக்கும் கண்ணாடியும் இருந்தன. கட்டிய வீட்டில் இரண்டும் இல்லை. கட்டி முடித்தபின் பெறவேண்டிய இறுதிச் சான்றுக்கு யாரும் விண்ணப்பிக்கவே இல்லை. ஆக, பலகையிலிருந்த தங்கம் வரைபடத்துக்குக் கிடைத்தது, வீட்டுக்குக் கிடைத்ததன்று. மைத்துனர் தம் செலவிலேயே மூங்கில் தட்டி கட்டிக்கொண்டார்.

அந்த ஏமாற்றம் நம்மில் வேறொருவர்க்கு நேராதிருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

சான்று என்றால் என்ன? நெய்க்கு அக்மார்க்கும், பொன்னுக்கு ஹால்மார்க்கும் போன்றதுதான். விற்பவனும் வாங்குபவனும் அல்லாத மூன்றாமவர் ஒருவர், முன்னரே வெளியிட்ட அளவுகோலைக் கொண்டு அளந்து பார்த்து, 'இது இத்தரத்தது' என்று கூறுவதே சான்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு ஆதலால், விற்பவரே தம் பொருளைப் பசுமை என்பது சான்றாகாது.

இத்துறையில் நம் ஐதராபாத்துக்குத் தனிப் பெருமை உண்டு. இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001ஆம் ஆண்டில் 'இந்தியப் பசுமைக் கட்டட மன்றம்' என்னும் அமைப்பை உருவாக்கியது. ஐ.ஜி.பி.சி. என்று வழங்கும் அம்மன்றத்தின் தலைமையிடம் இந்நகரே. இங்குள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்காவில் தோன்றிய 'லீட்' என்னும் மதிப்பீட்டு முறைப்படி 2003இல் பிளாட்டினம் தரம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அத்தரத்தை முதன்முதல் பெற்ற கட்டடம் அதுவே. 2004 சூலையில் அதனைத் திறந்து வைத்தவர், அன்று குடியரசுத் தலைவராயிருந்த நம் அப்துல் கலாம் அவர்கள். நடுவே திறந்த முற்றம், காற்றும் ஒளியும் புகும் துளைச் சுவர், கூரைமேல் தோட்டம் என்று அமைந்த கட்டடம் அது. முற்றமும் தாழ்வாரமும் வைத்து வீடு கட்டிய நம் பாட்டனார்க்கு அதன் இயல்பு உடனே விளங்கியிருக்கும். நிழலும் காற்றோட்டமும் எவ்வளவு பயன் தருகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்டுவதே இக்காலத்துச் சான்று முறையின் புதுமை.

இன்று நம் நாட்டில் வழங்கும் முறைகளுள் மூன்றைக் குறிப்பிடலாம். ஐ.ஜி.பி.சி. முறையில் சான்று பெற்றது, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனப் படிகள் உண்டு. டெரி நிறுவனமும் மைய அரசும் சேர்ந்து உருவாக்கிய 'கிரிஹா' முறை 2007இல் தேசிய மதிப்பீட்டு முறையாக ஏற்கப்பட்டது. அது 1 முதல் 5 வரை விண்மீன்கள் வழங்குகிறது. உலக வங்கிக் குழுவைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின் 'எட்ஜ்' முறை, வழக்கமான கட்டடத்தைவிட மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள்கள் ஆகிய மூன்றிலும் குறைந்தது 20 விழுக்காடு சிக்கனம் கேட்கிறது.

மதிப்பெண் எவ்வாறு இடப்படுகிறது? ஐ.ஜி.பி.சி.யின் வீட்டு முறையையே எடுத்துக்கொள்வோம். அதில் கட்டாய விதிகள் சில உண்டு. மழைநீர் சேமிப்பு, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும் குழாய்கள், பகலொளி, காற்றோட்டம், குப்பையைத் தரம் பிரித்தல் முதலியன அவை. இவற்றுள் ஒன்று தவறினாலும் மற்றவற்றில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் சான்று கிடையாது. அவற்றுக்குமேல் செய்யும் ஒவ்வொரு நற்செயலுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகையைப் பொறுத்து வெள்ளியோ தங்கமோ கிடைக்கும். ஆகவே தங்கம் பெற்ற இரண்டு வீடுகள் ஒரே தன்மையன அல்ல. ஒன்று தண்ணீரில் மிகுதியாகப் பெற்றிருக்கலாம். மற்றொன்று மின்சாரத்தில் பெற்றிருக்கலாம். கோடையில் லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும் பகுதியில் வாங்குவோர், மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கித் தண்ணீர்ப் பகுதியைத் தனியே பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரைமீது ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். இந்நகரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் பெய்கிறது. எனவே 100 சதுர மீட்டர் கூரைமேல் ஆண்டுதோறும் விழுவது 80,000 லிட்டர். சிந்துவதும் ஆவியாவதும் போக எஞ்சுவதைச் சாக்கடைக்கு விடுவதா, நிலத்துக்குள் விடுவதா என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கினார்கள் என்பதை இங்கு நினைவு கூரலாம்.

இனி, பொருள்களுக்கு வருவோம். சிமென்டுக்கு மூலமான கிளிங்கரைச் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தும் கரிவளி வெளிப்படுகிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பலை 15 முதல் 35 விழுக்காடு வரை கலந்து செய்யும் பொசொலானா சிமென்டில் கிளிங்கர் குறைகிறது. அதற்கேற்பக் கரிவளியும் குறைகிறது. இத்தகைய வேறுபாடுகளை, மூலப்பொருள் எடுப்பது முதல் கழித்தெறிவது வரை ஆராய்ந்து முத்திரை வழங்கும் திட்டங்கள் உள்ளன. நம் அரசு 1991இல் மண்பானைச் சின்னத்தோடு 'எக்கோமார்க்' திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு 2024இல் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. தொழில் கூட்டமைப்பின் 'கிரீன்புரோ' முத்திரையும் இவ்வகையினதே. இவை இல்லாமல், பெயிண்ட் டப்பாவில் அச்சிட்ட ஓர் இலைப்படம் மட்டும் இருந்தால், அஃது அச்சகத்தாரின் கைவண்ணமேயன்றி வேறன்று.

முத்திரையோடு ஆண்டையும் பாருங்கள். மைய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு குளிர்சாதனங்களுக்கு விண்மீன் வழங்குகிறது. 2022 சூலையில் அளவுகோல் உயர்த்தப்பட்டபோது, அதுவரை 5 விண்மீன் பெற்றிருந்தது 4 விண்மீனுக்கு இறங்கியது. பழைய சரக்கைப் பழைய முத்திரையோடு மலிவு விலைக்குக் கொடுப்போர் இதனைச் சொல்லமாட்டார்கள்.

சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சான்று பெற்ற நாளில் ஓடிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எந்திரம், மின்கட்டணத்துக்கு அஞ்சி அடுத்த ஆண்டு நிறுத்தப்பட்டால், சுவரில் மாட்டிய சான்றிதழ் என்ன செய்யும்? மழைநீர்க் குழி தூர்ந்து கிடந்தால் கூரைநீர் எங்கே போகும்? இதனால்தான் கிரிஹா முறையில் சான்றுக்குக் காலவரம்பு வைத்து, மறுபடியும் சோதிக்கச் சொல்கிறார்கள். வீட்டைப் பசுமையாகக் கட்டுவது கட்டுபவர் கடமை. பசுமையாக வைத்திருப்பது குடியிருப்பவர் கடமை.

ஆகவே, அன்பர்களே, வீடு வாங்கப் போகும்போது நான்கு கேள்விகளை மறவாதீர்கள். பதிவு செய்யப்பட்டது மட்டுமா, முன்சான்றா, இறுதிச் சான்றா? எந்த முறையில், எந்த ஆண்டில் பெற்றது? எப்பகுதியில் எத்தனை மதிப்பெண்? வரைபடத்தில் உள்ளவை வீட்டில் உள்ளனவா? பதிவு என்பது விண்ணப்பம். முன்சான்று என்பது வாக்குறுதி. இறுதிச் சான்றே வாக்கு நிறைவேறியதற்கு அடையாளம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டா. இருபதாண்டு தவணை கட்டப் போகிறவர்கள் நாம்.

நம் சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் எழுப்ப நிதி திரட்டி வருகிறோம். ஒவ்வோர் உறுப்பினரும் தம் வருவாயிலிருந்து ஈந்த பணம் அது. அக்கட்டடம் எழும்போது, வாசலில் பலகை பெரிதாயிருக்க வேண்டியதில்லை. மேற்குச் சன்னலுக்கு நிழலும், கூரைநீருக்குக் குழியும், கட்டி முடித்தபின் அளந்து தந்த சான்றும் இருக்கட்டும். நம் குழந்தைகள் அங்கே கோடை மாலையிலும் வியர்க்காமல் அமர்ந்து தமிழ் கற்கட்டும்.