பேனா பிடிப்போருக்கும் பயிற்சி வேண்டும்

(பத்திரிகையாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் சாரம்)



வைத்தியப் பட்டம் பெற்றவரும் மூத்த வைத்தியர்களின் கண்காணிப்பில் ஓராண்டு பணியாற்றிய பின்னரே தனித்து நின்று தொழில் புரியலாம். ஆசிரியர்களைப் பயிற்றுவதற்குக் கோப்பாயிலே கலாசாலை இருக்கின்றது. நிருபருக்கோ? நேற்றுச் சேர்ந்தவர் இன்று நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகின்றார். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் குற்றவாளிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைக்கவும் ஆளில்லை. அவர் எழுத்திலே பிழை நேர்ந்தால் அழிவது ஒரு மனிதனின் மானமன்றோ!

பயிற்சி நிலையங்களே இல்லையென்று நான் கூறவில்லை. 1998ஆம் ஆண்டின் கொழும்புப் பிரகடனத்தைத் தொடர்ந்து, 2004இல் கொழும்பிலே இதழியல் கல்லூரி தோன்றியது. அங்கே தமிழிலும் கற்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் ஊடகக் கல்வி அளிக்கின்றது. எனினும், எழுதும் செய்திக்கேற்பவே கூலி பெறும் பிரதேச நிருபர், மாதக்கணக்கில் வேலையை விட்டுக் கொழும்பிலே தங்குவதெங்ஙனம்? அவர் வீட்டு உலையில் அரிசி போடுவது யார்? ஆகவே, பயிற்சியை நாடி அவர் போக இயலாதெனில், பயிற்சிதான் அவரை நாடி ஆசிரிய பீடத்துக்கு வரவேண்டும்.

இதனால் கமக்காரருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் காலபோகப் பயிர் அதற்காகக் காத்திருக்குமா? அத்தகைய வேளையில் அமைச்சரின் பேச்சை அப்படியே அச்சேற்றுவது நிருபரின் கடமையன்று. எத்தனை ஏக்கருக்கு எவ்வளவு பசளை வேண்டும், கமநல சேவை நிலையத்துக்கு வந்தது எவ்வளவு என்று கணக்குக் கேட்பதே கடமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி திறந்துள்ளது. விண்ணப்பித்தால் பதினான்கு வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவு சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தை எவ்வாறு எழுதுவது, மறுத்தால் எங்கே மேன்முறையீடு செய்வது என்பதைக் கற்பிக்க ஒரு மாலைப்பொழுது போதும்!

பத்திரிகை முதலாளிமாரிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றேன். வாரத்தில் ஒரு மணி நேரம், வெளிவந்த இதழின் பிழைகளை எல்லோரும் கூடி ஆராயட்டும். புதிய நிருபர் ஒவ்வொருவரும் மூத்தவர் ஒருவருடன் சில மாதங்களாவது நடக்கட்டும். பயிற்சிக்குச் செல்லும் நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறையும், பிரதேச நிருபருக்குப் படியும் வழங்கப்படட்டும். பெருஞ்செலவு எதனையும் நான் கேட்கவில்லை.

1841ஆம் ஆண்டிலேயே உதயதாரகையைக் கண்டது யாழ்ப்பாணம். அச்சுக்கூடங்கள் எரிந்த காலத்திலும், தோழர்கள் உயிரைக் கொடுத்த காலத்திலும் எங்கள் பத்திரிகைகள் ஓயவில்லை. துணிவிலே நாம் குறைந்தவர்களல்லர். அந்தத் துணிவுக்குத் தொழிலறிவையும் துணையாக்குவோம். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கும் பெரியோர்களே, பிழையான செய்தி கண்டால் மடித்து வைத்துவிடாதீர்கள். ஆசிரியருக்கு எழுதுங்கள். உங்கள் கடிதமும் எங்களுக்கு ஒரு பாடமே!