சொல்லாத சோர்வும் கைத்தொலைபேசியும்

காய்ச்சல் கண்டவன் நெற்றியைத் தொட்டால் சூடு தெரியும். மனச்சோர்வுற்றவனிடம் "சுகமா?" என்று வினவினால், பெரும்பாலும் "சுகம்" என்றே விடை வரும். ஆயினும் அவன் வாழ்வின் ஒழுங்கு மாறிவிடுகிறது. உறக்கம் குலைகிறது, நடமாட்டம் குறைகிறது, நண்பரோடு உரையாடலும் அருகுகிறது. எந்நேரமும் உடனிருக்கும் கைத்தொலைபேசி இம்மாற்றங்களைத் தானாகவே கண்டுணருமா என்பதே ஆராய்ச்சியாளர் எழுப்பிய வினா.

நேயர்களே, 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியர் அன்ட்ரூ காம்பெல் குழுவினர், 48 மாணவரின் சம்மதத்துடன் இதனை ஆராய்ந்தனர். ஆய்வு பத்து வாரம், ஒரு தவணை முழுவதும், நடைபெற்றது. சூழ்ந்த இருள், அமைதி, தொலைபேசியின் அசைவின்மை, அது பூட்டியிருந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு உறக்கம் கணிக்கப்பட்டது. ஒலியைக் கொண்டு உரையாடல் நிகழ்வது அறியப்பட்டது. பேசிய சொற்கள் பதியப்படவில்லை. மனச்சோர்வை அளக்கும் வினாக்களுக்கு மாணவர் அளித்த விடைகளோடு இவற்றை ஒப்பிட்டபோது, குறைவாக உறங்கியோரிடமும் குறைவாக உரையாடியோரிடமும் சோர்வு மிகுந்து காணப்பட்டது. தவணை முதிர்ந்து வேலைப்பளு ஏற ஏற, மாணவர் பொதுவாகவே உறக்கத்திலும் உரையாடலிலும் குறைந்து வந்தனர்.

எனினும், இத்தகைய அடையாளத்தையே நோய் என்று முடிவுகட்டல் ஆகாது. இரவுக் காவலாளி பகலில் உறங்குவார். பரீட்சைக்குப் படிப்பவன் அறையைவிட்டு வெளியேறான். சிறு குழுக்களிற் பொருந்திய கணிப்பு, பல்வகை மக்கள் அடங்கிய பெருந்தொகையினரிடம் நன்கு பொருந்துவதில்லை என்பதை, நடமாட்டத்தைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

இதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. ஒருவன் எங்கே சென்றான், எப்போது உறங்கினான் என்னும் செய்திகள் யார் கையிற் சேரும்? மருத்துவர் கையிற் சேர்ந்தால் அவை உதவலாம். வேலை கொடுப்போர் கையிற் சேர்ந்தால், நோயுற்றவன் பிழைப்பையே இழக்கக்கூடும். ஆதலால் உரியவரின் சம்மதமும், வேண்டாமென்று எப்போதும் விலகும் உரிமையும் இன்றியமையாதன.

வகுப்பிற் குழப்படி செய்பவன் ஆசிரியர் கண்ணில் உடனே படுவான். ஓசையின்றி ஒடுங்கியவனோ "நல்ல பிள்ளை" என்று பெயர் பெற்றுத் தப்பிவிடுவான். அத்தகையவனைச் சுட்டிக்காட்டக் கருவி ஒருநாள் துணைபுரியலாம். அதன் பின்னர் அவன் அருகில் அமர்ந்து, பொறுமையோடு கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்தக் கடமையைப் பெற்றோரும் ஆசிரியரும் நண்பரும் இன்றே ஏற்கலாம். அதற்குக் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.