ஐந்தே ஆண்டுகள் ஆடிய மேடை

(கலைவழிக் கற்றல் குறித்த வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலையைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியை. எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராது. வரலாறு சொல்லத் தெரியும். அதனால் ஒரு நடனக் குழுவின் வரலாற்றைச் சொல்கிறேன். அதற்கு முன், அதை நான் ஏன் தேடிப் படித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பு பணியாற்றிய பள்ளியில் இரண்டு ஆண்டுகள் ஒரு பொம்மலாட்டக் குழு நடத்தினேன். காகிதக்கூழில் பொம்மைகள் செய்து, பழைய வேட்டியைத் திரையாகக் கட்டி, வரலாற்றுப் பாடங்களைப் பிள்ளைகளே ஆடிக் காட்டினார்கள். மூன்றாம் ஆண்டு கலந்தாய்வில் எனக்கு இடமாறுதல் கிடைத்தது. குழு அதோடு நின்றுபோனது. பின்னர் ஒருநாள் அங்கே பணியாற்றும் தோழி ஒருவர் கேட்டார்: "என்ன டீச்சர், ரெண்டு வருஷத்தோட போச்சே! இதுக்கா அவ்வளவு பாடுபட்டீங்க?" அன்று என்னிடம் பதில் இல்லை.

அதே ஆண்டு, பத்தாம் வகுப்பில் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தை நடத்திக்கொண்டிருந்தேன். வெர்சேல்ஸ் உடன்படிக்கை, பொருளாதாரப் பெருமந்தம், முசோலினி, ஹிட்லர் என்று பாடம் போகும். ஒரு மாணவி எழுந்து, "அந்த இருபது வருஷத்துல யாருமே சந்தோஷமா எதுவும் செய்யலையா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் குழு எனக்குக் கிடைத்தது.

1920ஆம் ஆண்டு அக்டோபர் 25. போர் ஓய்ந்து இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக நிறையவில்லை. பாரிஸ் நகரின் ஷான்செலிசே அரங்கில் ஒரு புதிய பாலே குழு மேடையேறியது. பெயர் 'ஸ்வீடிஷ் பாலே'. பாலே என்பது ஐரோப்பிய அரண்மனைகளில் வளர்ந்த நடனம். கால்விரல் நுனியில் நின்று, காற்றில் மிதப்பதுபோல் ஆடுவார்கள் என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். இந்தக் குழு அந்த வரையறையை உடைத்துப் பார்க்க வந்தது.

குழுவைத் தொடங்கியவர் ரோல்ஃப் து மாரே. ஸ்வீடன் நாட்டின் செல்வந்தக் குடும்பத்தில் பிறந்தவர், புதிய ஓவியங்களைத் தேடித் தேடி வாங்கியவர். அரங்கைக் குத்தகைக்கு எடுத்து, தன் சொந்தப் பணத்தில் குழுவை நடத்தினார். நடனங்களை அமைத்தவர் ழான் பொர்லின். சிறு வயதிலேயே ஸ்டாக்ஹோம் அரச நாடக அரங்கின் நடனப் பள்ளியில் சேர்ந்தவர். ரஷ்ய நடன மேதை மைக்கேல் ஃபோக்கினிடம் பயின்றவர். குழு தொடங்கியபோது அவருக்கு வயது 27. நடனங்களை அமைப்பவரும் அவரே, முதன்மை ஆட்டக்காரரும் அவரே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

அப்போது பாரிஸில் தியாகிலெவ் நடத்திய ரஷ்ய பாலே குழு கொடிகட்டிப் பறந்தது. அதனோடு ஒப்பிட்டால் ஸ்வீடன்காரர்களின் நடனத் திறன் குறைவு என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். து மாரேயும் பொர்லினும் வேறு வழியில் போனார்கள். ஓவியர், கவிஞர், இசையமைப்பாளர், திரைப்பட இயக்குநர் என்று எல்லாரையும் ஒரே மேடைக்கு அழைத்து வந்தார்கள். அப்படி வந்த மூன்று படைப்புகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 1921 ஜூனில் மேடையேறிய 'ஐஃபெல் கோபுரத்து மணமக்கள்'. எழுதியவர் ழான் கொக்தோ. ஐஃபெல் கோபுரத்தின் முதல் தளத்தில் ஒரு கல்யாண விருந்து. மேடையின் இரு ஓரங்களிலும் கிராமபோன் வேடமிட்ட இருவர் நின்றுகொண்டு, எல்லாப் பாத்திரங்களின் வசனங்களையும் அவர்களே பேசுவார்கள். நடுவில் இருப்பவர்கள் ஆடுவார்கள். புகைப்படக்காரர், "பறவை வருது, இங்கே பாருங்க" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தால் உண்மையிலேயே ஒரு நெருப்புக்கோழி வெளியே வந்துவிடும். அதைத் திரும்ப உள்ளே அனுப்ப முயலும்போதெல்லாம் வேறு யாராவது வெளியே வருவார்கள். ஒருமுறை சிங்கமே வந்து, விருந்துக்கு வந்த தளபதியைத் தின்றுவிடும். இசையமைத்தவர்கள் ஐந்து இளைஞர்கள். போரில் இலட்சக்கணக்கான பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு நாட்டில், தளபதியைச் சிங்கம் தின்பதைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள் என்பதை வகுப்பில் சொன்னேன். அந்த மாணவி சிரிக்கவில்லை, யோசித்தாள்.

இரண்டாவது, 1923 அக்டோபரில் வந்த 'உலகின் படைப்பு'. ஆப்பிரிக்கத் தொன்மங்களைக் கொண்டு பிளேஸ் சாந்த்ரார் கதை அமைத்தார். இசை தாரியுஸ் மியோ. அவர் 1922இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக்குப் போய்க் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையை நேரில் கேட்டு வந்தவர். அதை சாக்சபோனோடு பாலே இசைக்குள் கொண்டுவந்தார். இந்த இசை இன்றும் உலகெங்கும் இசைக்கப்படுகிறது. திரைகளும் உடைகளும் ஓவியர் ஃபெர்னான் லெஜேயின் கைவண்ணம். ஆள் உயரத்தைவிட மிகப் பெரிய தெய்வ உருவங்கள், விலங்குகள், பூச்சிகள், பறவைகள். மேடையே ஓர் ஓவியமாக அசைய வேண்டும் என்பது லெஜேயின் எண்ணம். அசைந்தது. ஆனால் அந்த உருவங்களுக்குள் ஒளிந்திருந்து நகர்த்தியவர்கள் நடனக் கலைஞர்கள். வாழ்நாளெல்லாம் பயின்ற கால்களும் கைகளும் அட்டைக்கும் துணிக்கும் பின்னால் மறைந்துபோயின. ஓவியம் நடனத்தை விழுங்கிவிட்டது என்று அப்போதே சிலர் எழுதினார்கள்.

இந்த இடத்தில் எனக்கு நம் ஆண்டுவிழா நினைவுக்கு வந்தது. மயில் நடனம் என்று பிள்ளையின் முதுகில் அட்டைத் தோகையைக் கட்டுகிறோம். தோகை பிரமாதமாக இருக்கும், பெற்றோர் கைதட்டுவார்கள். அதைத் தூக்க முடியாமல் பிள்ளை ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். ஆடியது தோகைதான். லெஜே மாபெரும் ஓவியர். அவருக்கே நேர்ந்த சிக்கல் நமக்கு நேராதா?

மூன்றாவது படைப்பு 'ரெலாஷ்'. அந்தப் பிரெஞ்சுச் சொல்லை அரங்க வாசலில் எழுதி வைத்தால் 'இன்று காட்சி இல்லை' என்று பொருள். அதையே நாடகத்துக்குத் தலைப்பாக வைத்தார் ஓவியர் ஃபிரான்சிஸ் பிக்காபியா. இசை எரிக் சத்தி. மேடையின் பின்புறம் நூற்றுக்கணக்கான விளக்குகளைப் பதித்துப் பார்வையாளர்களின் கண்ணைக் கூச வைத்தார்கள். இடைவேளையில் ரெனே கிளேர் எடுத்த ஒரு குறும்படம். அதில் சவ வண்டியை ஓர் ஒட்டகம் இழுத்துப் போகும். வண்டி கழன்று ஓட, துக்கத்துக்கு வந்தவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். திரைப்பட வரலாற்றில் இன்றும் பேசப்படும் படம் அது.

1924 நவம்பர் 27 அன்று முதல் காட்சி. மக்கள் திரண்டு வந்தார்கள். அரங்கின் கதவு பூட்டியிருந்தது. 'காட்சி இல்லை' என்ற தலைப்புக்கு ஏற்றபடி ஒரு வேடிக்கை செய்கிறார்கள் என்று நினைத்தவர்கள் பலர். உண்மை வேறு. பொர்லினுக்கு உடல்நலம் இல்லை. அவர் இல்லாமல் காட்சி நடக்காது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 4ஆம் நாள்தான் திரை விலகியது.

நண்பர்களே, நான் இந்த வரலாற்றில் நெடுநேரம் நின்றது அந்தப் பூட்டிய கதவின் முன்னால்தான். ஒருவர் படுத்துவிட்டால் முழுக் குழுவும் படுத்துவிடுகிறது. இருபதுக்கும் மேற்பட்ட படைப்புகள். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அமைத்தவர் பொர்லின் ஒருவரே. பாதிக்கு மேல் அவரே ஆடவும் செய்தார். ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இடைவிடாத பயணம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஓவியர்களும் கவிஞர்களும் இசைவாணர்களும் கூடிய பெரிய கூட்டம். உள்ளே பார்த்தால் அது ஒருவரின் பணத்திலும் ஒருவரின் உடம்பிலும் நின்றது.

1925 மார்ச்சில் து மாரே குழுவைக் கலைத்தார். பணமும் உழைப்பும் ஏராளமாகக் கரைந்திருந்தன. பொர்லின் பின்னர் தனியாக ஆடிப் பார்த்தார். 1930 டிசம்பரில் நியூயார்க் நகரில் காலமானார். வயது 37.

இவ்வளவுதான் என்றால் இது ஒரு சோகக் கதை. என் தோழி கேட்ட கேள்வியையே இவர்களிடமும் கேட்கலாம்: ஐந்து வருஷத்தோடு போன ஒன்றுக்கா இவ்வளவு பாடு?

ஆனால் து மாரே அதன் பிறகு செய்ததைப் பாருங்கள். வரைபடங்கள், உடைகள், புகைப்படங்கள், விளம்பரத் தாள்கள், இசைக் குறிப்புகள் எல்லாவற்றையும் பாதுகாத்தார். 1931இல் குழுவின் பணிகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். பாரிஸில் நடனத்துக்கென்றே ஓர் ஆவணக்காப்பகம் அமைத்தார். பொர்லினின் நினைவாக 1932இல் ஒரு நடன அமைப்புப் போட்டி நடத்தினார். அதில் முதல் பரிசு பெற்றது ஜெர்மனியைச் சேர்ந்த குர்ட் யோஸ் அமைத்த 'பச்சை மேசை'. பேச்சுவார்த்தை மேசையைச் சுற்றி நின்று கைகளை ஆட்டும் கனவான்கள், அவர்களால் மூளும் போர், எல்லாரையும் அழைத்துப் போகும் மரணம் என்று அமைந்த நடனம் அது. மறு ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யோஸ் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்த நடனம் இன்றும் ஆடப்படுகிறது. து மாரே சேர்த்தவற்றைக் கொண்டு 1953இல் ஸ்டாக்ஹோமில் ஒரு நடன அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1990களில், நடன அசைவுகள் மறைந்துபோய் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, எஞ்சியிருந்த படங்களையும் குறிப்புகளையும் கொண்டு பொர்லினின் 'ஸ்கேட்டிங் ரிங்க்' என்ற படைப்பை மறுபடியும் மேடையேற்றினார்கள்.

குழு ஐந்து ஆண்டுகள்தான் நடந்தது. அது எப்படி நடந்தது என்பதை ஒருவர் எடுத்து வைத்தார். அதனால் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இதைப் படித்த பிறகு ஒருநாள் நான் பழைய பள்ளிக்குப் போனேன். பொருள் வைப்பறையில் என் பொம்மைப் பெட்டி அப்படியே இருந்தது. பொம்மைகளில் பாதியைக் கரையான் அரித்திருந்தது. அது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை. அதுதான் வலித்தது. எந்தப் பாடத்துக்கு எந்தக் காட்சி, பசை எந்த அளவில் காய்ச்சினோம், எந்தக் காட்சியில் பிள்ளைகள் சோர்ந்தார்கள், எந்தக் குழந்தை முதன்முதலாக வாய்திறந்து பேசியது - ஒன்றையும் நான் எழுதி வைக்கவில்லை. எல்லாம் என் தலைக்குள் இருந்தது. நான் மாறுதலில் போனபோது அதுவும் என்னோடு வந்துவிட்டது. அடுத்து வந்த ஆசிரியர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? குழு நின்றதற்கு இடமாறுதலைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பூட்டிய கதவுக்குக் காரணம் நான்தான்.

எனவே, கலை இலக்கிய மன்றமோ, நாடகக் குழுவோ, கலைத்திருவிழாப் பயிற்சியோ, எது தொடங்கினாலும் மூன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்குள் பிள்ளை காணாமல் போகிறதா என்று பாருங்கள். முழுச் சுமையும் ஒருவர் தோளில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தோள் உங்களுடையதாக இருந்தாலும் இறக்கி வையுங்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியரையும் மூத்த மாணவர்களையும் பிடிக்கச் சொல்லுங்கள். நடந்ததை அன்றன்றே எழுதி வையுங்கள். வெற்றியை மட்டுமல்ல, சொதப்பியதையும் எழுதுங்கள்.

இப்போது இருக்கும் பள்ளியில் மீண்டும் பொம்மைகள் செய்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் ஒரு நீள நோட்டில் குறிப்பு எழுதுகிறார்கள். போன வாரக் குறிப்பில் ஒரு வரி: "டீச்சர் இன்று வரவில்லை. நாங்களே ஒத்திகை பார்த்தோம். திரை ஒருமுறை அவிழ்ந்து விழுந்தது."

அந்த வரியைப் படித்தபோதுதான் என் தோழியின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.